கறுப்புச் சாவு எப்படிப் பரவியது? எலி, தெள்ளு, சீலைப்பேன், மூச்சுக்காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கொள்ளைநோயைப் பற்றிய விவாதம் இது?

பிளேக் வரலாற்றில் மூன்று முறை கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்திருக்கிறது. முதல் அலை கி.பி. 541இல் எகிப்தின் பெலூசியம் துறைமுகத்தில் தெரியவந்து, எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மத்தியதரைக் கடல் நாடுகளை விட்டுவிட்டுத் தாக்கியது. இரண்டாவதின் தொடக்கம்தான் 1346 முதல் 1353 வரையிலான கறுப்புச் சாவு. அது அத்தோடு நின்றுவிடவில்லை. 1665இல் லண்டன், 1720இல் மார்செய் என்று நானூறு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவது அலை 1894இல் ஹாங்காங்கையும் 1896இல் பம்பாயையும் எட்டியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் அதில் இறந்தார்கள்.

விவாதம் பெரும்பாலும் இரண்டாவது அலையைப் பற்றியது. ஆனால் அதற்கான சான்றுகளில் பெரும்பகுதி மூன்றாவது அலையில், அதுவும் இந்தியாவில் திரட்டப்பட்டவை. பம்பாயில் கண்டதை 1348இன் ஃபுளோரன்ஸுக்குப் பொருத்திப் பார்க்கலாமா, கூடாதா என்பதில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது.

நோய்க்கிருமி எது என்பதாவது உறுதியாகிவிட்டதா?

உறுதியாகிவிட்டது. யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாதான். ஆனால் 2010 வரை இதிலேயே சந்தேகம் இருந்தது. 1984இல் விலங்கியலாளர் கிரஹாம் ட்விக் இது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்றார். 2001இல் சூசன் ஸ்காட், கிறிஸ்டோபர் டங்கன் இருவரும் ரத்தக்கசிவுக் காய்ச்சல் உண்டாக்கும் ஒரு வைரஸ் என்று வாதிட்டார்கள். 2002இல் வரலாற்றாசிரியர் சாமுவேல் கோன், இடைக்கால நோயும் இந்தியாவில் கண்ட பிளேக்கும் ஒன்றே இல்லை என்றார்.

இதைத் தீர்த்துவைத்தவை பற்கள். பல்லின் உட்குழியில் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ரத்தத்தில் கிருமி பெருகி ஒருவர் இறந்திருந்தால், அதன் டிஎன்ஏ அந்தக் குழியில் உறைந்து எனாமலின் பாதுகாப்பில் கிடக்கும். தூய அறையில் பல்லின் மேற்பரப்பைப் பிளீச்சாலும் புறஊதா ஒளியாலும் சுத்தம் செய்து, தலைப்பகுதியும் வேரும் சேரும் இடத்தில் அறுத்து, உள்ளிருந்து சில பத்து மில்லிகிராம் தூளைத் துளையிட்டு எடுப்பார்கள். பழைய டிஎன்ஏ நூறு எழுத்துகளுக்கும் குறைவான சிறு துண்டுகளாகவே இருக்கும். துண்டுகளின் முனைகளில் சைட்டோசின் சிதைந்து தைமினாகப் படிக்கப்படும். இந்தச் சிதைவுத் தடம் இல்லாவிட்டால், கிடைத்தது இன்றைய மாசு என்று ஒதுக்கிவிட வேண்டும்.

2000ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரப் பற்களில் பிளேக் கிருமியைக் கண்டதாக ஒரு பிரெஞ்சுக் குழு அறிவித்தது. 2004இல் வேறொரு குழு ஐரோப்பாவின் பல இடங்களில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. முதல் குழு ஒரே மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்த்திருந்தது. அத்தகைய சோதனையில் மாசும் மண்ணில் உள்ள பிற பாக்டீரியாக்களும் பொய்யான முடிவைத் தந்துவிடும் என்பது அன்றைய எதிர்வாதம். 2010இல் பல நாட்டுக் கல்லறைகளிலிருந்தும் சான்று வந்தது. 2011இல் லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டு எலும்புக்கூடுகளிலிருந்து கிருமியின் முழு மரபணுத் தொகுப்பே வெளியானது. அந்த இடுகாடு 1348–49இல் பிளேக்கில் இறந்தவர்களுக்காகவே திறக்கப்பட்டது. அதோடு ஆந்த்ராக்ஸ், வைரஸ் வாதங்கள் முடிந்தன. முதல் அலையின் கிருமியும் இதுவே என்பதை ஜெர்மனியின் ஆஷ்ஹைம் கல்லறை காட்டியது.

கிருமி தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு விவாதம்?

பல்லில் உள்ள டிஎன்ஏ ஒருவர் எதனால் இறந்தார் என்று சொல்லும். கிருமி அவருக்குள் எப்படிப் போனது என்று சொல்லாது. எலித்தெள்ளு கடித்து இறந்தவரின் பல்லும், நோயாளி இருமியதால் தொற்றி இறந்தவரின் பல்லும் ஆய்வகத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். "டிஎன்ஏ நிரூபித்துவிட்டது, ஆகவே எலிதான்" என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் ஒரு பெரிய படியைத் தாண்டிவிடுகிறார்கள். கிருமி எது, அது எந்த வழியில் பரவியது, எங்கிருந்து வந்தது, எத்தனை பேரைக் கொன்றது என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான சான்றை இன்னொன்றுக்குக் காட்டுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை.

எலியும் தெள்ளும்தான் காரணம் என்று முதலில் கண்டுபிடித்தவர் யார்?

ஹாங்காங்கில் 1894இல் கிருமியைப் பிரித்தெடுத்த அலெக்ஸாந்தர் யெர்சினே எலிகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார். தைவானில் ஆய்வு செய்த ஜப்பானியர் ஒகாடா மசனோரி, 1897இல் தெள்ளின் உடலில் கிருமி இருப்பதைக் காட்டினார். கடத்தும் வழியைச் சோதனையால் மெய்ப்பித்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன். இடம் கராச்சி, நாள் 1898 ஜூன் 2.

நோயாளிகள் சிலரின் தோலில் ஒரு சிறு நீர்க்கொப்புளம் இருப்பதை அவர் கவனித்திருந்தார். அதற்குள் கிருமி இருந்தது. இது பூச்சிக் கடியாக இருக்குமோ என்ற ஐயத்தில், ஒரு பெரிய கண்ணாடி ஜாடியின் அடியில் மணல் பரப்பி, நோயுற்ற எலியை விட்டு, மேலும் சில தெள்ளுகளையும் அதன் மேல் விட்டார். எலி சாகும் தறுவாயில், ஒரு நல்ல எலியைச் சிறு கம்பிக் கூண்டில் வைத்து ஜாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. நடுவே தாவக்கூடியது தெள்ளு மட்டுமே. சில நாட்களில் மேலே இருந்த எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளு இல்லாமல் இதே ஏற்பாட்டைச் செய்தபோது நல்ல எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டாம் பகுதி இருப்பதால்தான் அது சோதனை என்ற பெயருக்குத் தகுதியானது.

ஆனாலும் அன்றைய இந்தியப் பிளேக் கமிஷன் அவரை ஏற்கவில்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் பணிபுரிந்த ஆராய்ச்சிக் குழுதான், பிளேக் வீடுகளில் கினிப்பன்றிக் கூண்டுகளை வைத்து இதை உறுதி செய்தது. தரையில் வைத்தவை நோயுற்றன. தெள்ளு தாவ முடியாத உயரத்தில், சுமார் இரண்டடி மேலே, தொங்கவிட்டவை தப்பின. இரண்டும் சுவாசித்தது அதே அறையின் காற்றை.

தெள்ளு நோயைக் கடத்துவது படிப்படியாக எப்படி நடக்கிறது?

செனாப்சில்லா கியோபிஸ் என்னும் எலித்தெள்ளு நோயுற்ற எலியின் ரத்தத்தைக் குடிக்கிறது. அந்த ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி அளவில் கிருமி இருந்தால்தான் தெள்ளுக்குத் தொற்று நிலைக்கும். எலிக்கு அந்த அளவு எளிதில் ஏறிவிடும்.

கிருமி தெள்ளின் இரைப்பைக்கு முன்னுள்ள வால்வில் படலமாகத் திரண்டு அடைத்துக்கொள்கிறது. இதை 1914இல் பேக்கட்டும் மார்ட்டினும் விளக்கினார்கள். அடைப்பு விழ ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். அடைப்பு விழுந்த தெள்ளுக்கு எவ்வளவு உறிஞ்சினாலும் ரத்தம் உள்ளே இறங்காது. பசியால் மறுபடி மறுபடி கடிக்கிறது. உறிஞ்சிய ரத்தம் கிருமியோடு எதுக்களித்துக் கடிவாய்க்குள் திரும்பிப் போகிறது.

வெப்பம் சுமார் 27 டிகிரிக்கு மேல் போனால் இந்த அடைப்பு சரியாக அமைவதில்லை. காற்று வறண்டால் தெள்ளே சீக்கிரம் செத்துவிடும். பம்பாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏறிய பிளேக், கோடை முற்றியதும் இறங்கியது இதனால்தான்.

இனி நாள்கணக்கு. எலிக்கூட்டம் நோயில் அழிய 10 முதல் 14 நாள். எலியை இழந்த தெள்ளு பசியில் மனிதனைத் தேடச் சுமார் 3 நாள். மனித உடலில் நோய் அரும்ப 3 முதல் 5 நாள். படுத்து இறக்க மேலும் 3 முதல் 5 நாள். ஆக, ஓர் ஊருக்குள் நோய் நுழைந்ததற்கும் முதல் மனிதச் சாவுக்கும் இடையே சுமார் மூன்று முதல் நான்கு வார இடைவெளி விழும். நார்வே வரலாற்றாசிரியர் ஓலே பெனடிக்டோ இந்த இடைவெளியை வைத்துத்தான் ஐரோப்பாவிலும் எலியே காரணம் என்று வாதாடுகிறார்: கப்பல் வந்த நாளுக்கும் சாவு தொடங்கிய நாளுக்கும் இடையே இந்த அமைதி இருந்தால் அது எலியின் கையெழுத்து.

2006க்குப் பிறகு இந்தப் படத்தில் ஒரு திருத்தம் வந்தது. அடைப்பு விழும் முன்பே, தொற்றிய முதல் நான்கு நாட்களில் தெள்ளு நோயைக் கடத்தக்கூடும் என்று ஆய்வகங்களில் காட்டினார்கள். ஒரு தெள்ளால் நடக்கும் வாய்ப்பு குறைவுதான். தெள்ளுகள் ஏராளமாக மொய்க்கும் இடத்தில் அது பொருட்படுத்த வேண்டியதாகிறது.

எலிக் கொள்கைக்கு எதிரான வாதங்களில் எவை வலுவானவை?

வேகத்தை வைத்து எழும் வாதம்தான் அடிக்கடி சொல்லப்படுவது. கறுப்புச் சாவு 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினாவுக்கு வந்து, 1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையிலும் 1349இல் நார்வேயின் பெர்கனிலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் எலிவழியாக மட்டும் உள்நாட்டில் நகர்ந்த பிளேக், ஆண்டுக்குப் பத்து இருபது கிலோமீட்டர் என்ற கணக்கில் ஊர்ந்திருக்கிறது. முரண் பெரிதாகத் தெரியும். ஆனால் எலி நடந்து போக வேண்டியதில்லை. தானிய மூட்டையிலும் துணிப் பொதியிலும் கப்பலேறிப் போகும். 1896க்குப் பிறகு இந்தியாவிலும் ரயில் பாதையோரம் நோய் பல நூறு கிலோமீட்டர் தாவியது. எனவே வேகத்தை மட்டும் வைத்து எலியைத் தள்ளிவிட முடியாது.

எலி எலும்பு வாதம் இதைவிட வலுவானது. கறுப்பெலி ஐரோப்பாவின் பூர்வீக உயிரி அன்று. ரோமானியர் காலத்தில் வந்து, பேரரசு சரிந்தபின் பல பகுதிகளில் அற்றுப்போய், இடைக்காலத்தில் வேறொரு கூட்டமாக மறுபடி வந்தது என்பதை 2022இல் எலிகளின் மரபணுவே காட்டியது. ஸ்காண்டிநேவிய அகழாய்வுகளில் எலி எலும்பு துறைமுக நகரங்களில் கிடைக்கிறது, உள்நாட்டுக் கிராமங்களில் மிக அரிது. ஆனால் கிராமத்திலும் மக்கள் செத்தார்கள். இதற்குப் பதில் சொல்வோர் சல்லடையைக் காட்டுவார்கள்: எலியின் எலும்பு தீக்குச்சியைவிட மெல்லியது, மண்ணை நுண்கண் சல்லடையில் நீர்விட்டுச் சலிக்காவிட்டால் கண்ணில் படாது, பழைய அகழாய்வுகள் அப்படிச் சலிக்கவில்லை. நியாயமான பதில்தான். என்றாலும் அதே மண்ணில் அதே அளவுள்ள பறவை, மீன் எலும்புகள் கிடைத்து எலி மட்டும் கிடைக்காத இடங்களில் இந்தப் பதில் நிற்காது. அகழாய்வு அறிக்கையை வாசிக்கும்போது எலி எலும்பைத் தேடுவதற்கு முன் சல்லடைக் கண்ணின் அளவைத் தேடுங்கள்.

ஐஸ்லாந்து இன்னொரு முட்டுக்கட்டை. 1402 முதல் 1404 வரை அங்கே பிளேக் குளிர்காலம் முழுவதும் ஓயாமல் கொன்றது. அந்தக் காலத்து எலி அங்கே இருந்ததற்கு எந்த எலும்பும் கிடைக்கவில்லை. தெள்ளுக்கு ஒவ்வாத குளிர், எலியில்லாத தீவு, ஆனாலும் பேரழிவு. நமது பார்வையில் எலிக் கொள்கை இங்கேதான் மிகவும் திணறுகிறது.

"பம்பாயில் எலி செத்து விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள், இடைக்கால ஐரோப்பியர் ஒருவரும் எழுதவில்லையே" என்ற வாதத்தை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். கான்ஸ்டான்டினோபிளில் வீட்டுச் சுவர்களில் வாழ்ந்த எலிகளும் செத்ததை அங்கே வாழ்ந்த வரலாற்றாசிரியர் நிகிபோரஸ் கிரிகோராஸ் குறித்திருக்கிறார்.

மனிதத் தெள்ளும் சீலைப்பேனும் பரப்பியிருக்க முடியுமா?

முடியும் என்ற கருத்து 1940களில் மொராக்கோவில் பிளாங்க், பல்தசார் இருவரின் களப்பணியில் வலுப்பெற்றது. பிளேக் வீடுகளில் மனிதத் தெள்ளான புலெக்ஸ் இரிட்டன்ஸிலும், உடுத்த துணியின் தையலில் குடியிருக்கும் சீலைப்பேனிலும் கிருமியைக் கண்டார்கள்.

2018இல் ஒரு கணித ஆய்வு இதைப் பெரிய பேச்சாக்கியது. 1348 முதல் 1813 வரையிலான ஒன்பது ஐரோப்பியத் தாக்குதல்களின் இறப்புக் கோடுகளை எடுத்து, எலித்தெள்ளு, மூச்சுவழி, மனித ஒட்டுண்ணி என்ற மூன்று மாதிரிகளோடு பொருத்தியது. ஏழில் மனித ஒட்டுண்ணி மாதிரி நன்றாகப் பொருந்தியது. செய்தித்தாள்கள் "எலி நிரபராதி" என்று தலைப்பிட்டன. ஆனால் எலி மாதிரியில் எத்தனை எலி இருந்தது, எத்தனை செத்தது என்பதற்குத் தரவே கிடையாது. எல்லாம் ஊகித்து நிரப்பியவை. மனிதச் சாவு எண்ணிக்கை என்ற ஒற்றைக் கோட்டை மட்டும் வைத்து மூன்று வழிகளைப் பிரித்தறிவது கடினம், இந்த முடிவுக்கான ஆதரவு பலவீனமானது என்று அதே ஆண்டு வேறு கணிதவியலாளர்கள் மறுப்பு எழுதினார்கள். அந்த மறுப்பு சரியானது. அதற்காக ஒட்டுண்ணிக் கொள்கை பொய் என்று ஆகிவிடாது. அந்த ஆய்வு அதை மெய்ப்பிக்கவில்லை, அவ்வளவே.

உயிரியல் பக்கமிருந்து இருக்கும் தடை, மனித ரத்தத்தில் கிருமியின் அளவு பெரும்பாலும் எலிக்கு ஏறுமளவு ஏறுவதில்லை என்பது. மனிதத் தெள்ளுக்கு அடைப்பு விழுவதும் அரிது. சீலைப்பேன் விஷயத்தில் நிலைமை வேறு. மனிதர்களில் காணும் கிருமி அளவிலேயே பேனுக்குத் தொற்றுவதையும், பேனின் தலையிலுள்ள பாவ்லோவ்ஸ்கி சுரப்பி வரை கிருமி சென்றால் கடிக்கும்போது அது வெளிவருவதையும் 2024இல் ஒரு ஆய்வகச் சோதனை காட்டியது. அத்துடன், காய்ச்சலில் கொதிக்கும் உடலையும் குளிர்ந்த பிணத்தையும் விட்டு விலகி, இயல்பான சூடுள்ள அடுத்த உடலைத் தேடுவது சீலைப்பேனின் குணம். ஒரே போர்வைக்குள் குடும்பமே படுத்த வட ஐரோப்பியக் குளிர்காலத்தில் இது என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஐஸ்லாந்துக்கு இப்போதிருக்கும் நல்ல விளக்கங்களில் இது ஒன்று.

இருமலில் பரவும் நுரையீரல் பிளேக் மட்டுமே எல்லாவற்றையும் விளக்காதா?

விளக்காது. நுரையீரல் பிளேக் ஒன்று முதல் நான்கு நாளில் அரும்பி, சிகிச்சையில்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய எல்லோரையும் கொல்லும். ரத்தம் கலந்த சளி வரும் கடைசிக் கட்டத்தில், அருகில் இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் தொற்றும். அதற்குள் நோயாளி படுத்துவிடுவதால் அது தொலைதூரம் போவதில்லை. நெறிகட்டும் பிளேக்கில் சிகிச்சையின்றியே ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதுண்டு. இடைக்காலக் குறிப்புகளில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி வந்து, அது உடைந்து பிழைத்தவர்கள் வருகிறார்கள். மூச்சுவழி மட்டும் என்றால் அவர்கள் இருந்திருக்கக் கூடாது.

ஆனால் இரண்டும் கலந்து வரும். அவிஞ்யோனில் போப்பாண்டவரின் மருத்துவராக இருந்த கீ த ஷோலியாக் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதினார்: 1348 ஜனவரியில் தொடங்கி முதல் இரண்டு மாதம் விடாத காய்ச்சலும் ரத்தம் துப்புதலும், மூன்று நாளில் சாவு, அதன்பின் கட்டியோடு வந்த வகை, ஐந்து நாளில் சாவு. குளிரில் மூச்சுவழி, வெப்பம் ஏற ஏறப் பூச்சிவழி என்று இதை வாசிக்கலாம்.

மூச்சுவழி மட்டுமே ஒரு பெரும் தாக்குதலை நடத்தியதற்கு உறுதியான உதாரணம் 1910–11 மஞ்சூரியா. மார்மட் என்ற கொறிக்கும் விலங்கைத் தோலுக்காக வேட்டையாடியவர்களிடம் தொடங்கி, ரயிலிலும் நெரிசலான விடுதிகளிலும் பரவிச் சுமார் 60,000 பேரைக் கொன்றது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே ஹார்பினில் பிணப் பரிசோதனை செய்து இது மூச்சில் பரவுவது என்று கண்டு, பஞ்சு வைத்த துணிக் கவசத்தைக் கட்டாயமாக்கினார். எலிதான் காரணம் என்று நம்பிக் கவசம் அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி, 1911 ஜனவரியில் அந்நோயிலேயே இறந்தார். பம்பாயின் விடையை ஹார்பினுக்குப் பொருத்தியதன் விலை அது.

கஃபா கோட்டைக்குள் பிணங்களை வீசியதால்தான் ஐரோப்பாவுக்கு வந்தது என்கிறார்களே?

1346இல் கிரிமியாவின் கஃபா நகரை முற்றுகையிட்ட மங்கோலியப் படை, பிளேக்கில் இறந்த தன் வீரர்களின் உடல்களைக் கவண்பொறியால் கோட்டைக்குள் எறிந்தது என்று எழுதியவர் கப்ரியேலே தெ முஸ்ஸி. அவர் அந்த நேரத்தில் இத்தாலியின் பியாசென்சாவில் இருந்தவர், கேட்டதை எழுதினார். நடந்திருந்தாலும் பிணம் குளிர்ந்ததும் தெள்ளு இறங்கிவிடும். பிணத்தைக் கையாண்டவர்களுக்கு வெட்டுக்காயம் வழியாகத் தொற்றலாம், அவ்வளவே. கருங்கடலிலிருந்து தானியமும் தோலும் ஏற்றி வந்த கப்பல்கள் எத்தனையோ இருக்க, இந்த ஒரு சம்பவத்தை நம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே தொடங்கியது?

கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரிக்கு அருகே சிரியாக் கிறித்தவர்களின் பழைய கல்லறைகள் உள்ளன. அங்குள்ள 467 கல்வெட்டுகளில் 118 கற்கள் 1338–39 என்ற இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தார் என்றே பொறித்திருக்கிறது. 2022இல் அங்கே புதைக்கப்பட்ட ஏழு பேரைச் சோதித்ததில் மூவரிடம் பிளேக் கிருமி கிடைத்தது; மரபணு வரிசையில் அது கறுப்புச் சாவுக் கிருமியின் நேர் மூதாதை. கல்வெட்டும் மரபணுவும் ஒரே இடத்தில் கைகோத்த அரிய கண்டுபிடிப்பு இது.

ஐரோப்பாவுக்குப் பின்னாளில் வந்த தாக்குதல்கள் ஒவ்வொன்றும் ஆசியாவிலிருந்து புதிதாக வந்தவையா, ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தவையா என்பது தனி விவாதம். மத்திய ஆசியாவில் மழை மாறும்போது அங்குள்ள காட்டுக் கொறிணிகள் (எலி போன்ற கொறிக்கும் விலங்குகள்) பெருகி மடிகின்றன, சில ஆண்டுகள் கழித்து ஐரோப்பியத் துறைமுகங்களில் பிளேக் வருகிறது என்று மரவளையங்களை வைத்து 2015இல் ஒரு குழு காட்டியது. அடுத்த ஆண்டே மார்செய் நகரில் 1720–22இல் இறந்தவர்களின் கிருமி, கறுப்புச் சாவுக் கிருமியின் வழித்தோன்றல் என்று தெரியவந்தது. ஐரோப்பாவிலோ அதன் விளிம்பிலோ அது நெடுங்காலம் ஒளிந்திருந்தது என்ற பக்கமே இப்போது கனமாக இருக்கிறது.

அந்தக் காலத்து மக்கள் என்ன விளக்கம் சொன்னார்கள்?

பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் 1345 மார்ச்சில் கும்பத்தில் சனி, வியாழன், செவ்வாய் கூடியதால் காற்று கெட்டது என்று அரசருக்கு அறிக்கை கொடுத்தார்கள். கெட்ட காற்றுக் கொள்கை மருத்துவர்களை ஆண்டபோதே, துறைமுக அதிகாரிகள் தொற்று என்று நடந்துகொண்டார்கள்: ரகுசா (இன்றைய துப்ரோவ்னிக்) நகரம் 1377இல் வருகிறவர்களை 30 நாள் தனியே நிறுத்தியது.

மற்றொரு "கொள்கை", யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்பது. சித்திரவதையில் பெற்ற வாக்குமூலங்களைக் கொண்டு, 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். அப்போது நகருக்குள் நோய் வந்துசேரவே இல்லை. போப் ஆறாம் கிளமெண்ட் 1348லேயே இதை மறுத்திருந்தார்: யூதர்களும் சாகிறார்கள், யூதர்களே இல்லாத நாடுகளிலும் நோய் இருக்கிறது. ஒரு பரவல் கொள்கையை உடைக்க இன்றும் இதே இரண்டு சோதனைகளைத்தான் செய்கிறோம்: குற்றம் சாட்டப்பட்ட காரணி இல்லாத இடத்தில் நோய் இருக்கிறதா, காரணியோடு நெருங்கியவர்கள் தப்பினார்களா?

பழைய இறப்புப் பதிவை வைத்துப் பரவல் வழியைக் கண்டறிவது எப்படி?

சாவுகளை வார வாரியாக அன்றி நாள் வாரியாக எடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதல் சாவுக்கும் இரண்டாம் சாவுக்கும் இடையேயான நாட்களைக் கணக்கிடுங்கள். வீட்டுக்குள் பல சாவுகள் ஒரே சமயத்தில் குவிந்தால், எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது செத்த எலிகளின் தெள்ளிலிருந்து பெற்றிருக்கலாம். ஒரு சீரான இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக விழுந்தால் மனிதருக்கு மனிதர் என்று ஐயப்படலாம். பிறகு பருவத்தைப் பாருங்கள். உறைபனியில் ஓயாத நோய் எலித்தெள்ளோடு ஒட்டாது.

இங்கிலாந்தின் ஈயம் (Eyam) என்ற கிராமம் இதற்கு நல்ல பாடம். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து வந்த துணிப் பொதியோடு நோய் வந்தது என்பது வழக்கு. 1666 நவம்பர் வரை சுமார் 260 பேர் இறந்தார்கள். வீடு வாரியான பதிவை வைத்து 2016இல் செய்த கணிப்பில், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தொற்று மனிதருக்கு மனிதர், ஒரு பங்கு கொறிணிகளிலிருந்து என்று வந்தது. ஒரே ஊரில் இரண்டு வழியும் ஓடியிருக்கிறது.

தேதியில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். இங்கிலாந்தில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. பதிவில் "1665 பிப்ரவரி" என்று இருந்தால் நம் கணக்கில் அது 1666. இதைத் திருத்தாவிட்டால் ஒரு தாக்குதல் ஓராண்டு முன்னே ஓடிப் பருவக்கணக்கே கலைந்துவிடும். லண்டனின் 1665 இறப்புப் பட்டியலில் பிளேக் சாவு 68,596 என்று இருக்கிறது; செப்டம்பரின் ஒரு வாரத்தில் மட்டும் 7,165. உண்மை இதைவிட அதிகம். பிணத்தைப் பார்த்துச் சாவின் காரணத்தை முடிவு செய்ய அமர்த்தப்பட்டவர்கள் ஏழை மூதாட்டிகள். வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்ற அச்சத்தில் குடும்பத்தினர் அவர்களுக்குக் காசு கொடுத்து வேறு காரணம் எழுதவைத்தார்கள். அதனால் பிளேக் வரிசையை மட்டும் பார்க்காமல் மொத்தச் சாவை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும். எழுத்தர் செத்துப்போன வாரத்தில் பதிவே நின்றிருக்கும். அந்த வெற்றிடத்தை நோய் தணிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழுப்பெலி வந்து கறுப்பெலியை விரட்டியதால் பிளேக் ஒழிந்ததா?

காலம் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் பிளேக் 1670களோடு முடிந்தது. பழுப்பெலி அங்கே வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில்.

இந்தியா முழுவதும் பரவியபோது சென்னை ஏன் பெரும்பாலும் தப்பியது?

பம்பாய், பூனா, பஞ்சாப் அழிந்துகொண்டிருந்தபோது சென்னை நகரில் பிளேக் வேரூன்றவில்லை. சென்னையிலும் எலி உண்டு, துறைமுகம் உண்டு, நெரிசல் உண்டு. கொழும்பில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் 1913–14இல் ஒரு விடையை முன்வைத்தார். சென்னை, கொழும்பு இரு நகரங்களிலும் எலிகளின் மேல் இருந்தது பெரும்பாலும் செனாப்சில்லா அஸ்டியா என்ற வேறு இனத் தெள்ளு. கியோபிஸோடு பார்த்தால் அது நோயைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. கொழும்புக்கு 1914இல் பிளேக் வந்தபோது, தானியக் கிடங்குகளை ஒட்டிக் கியோபிஸ் இருந்த பகுதியோடு அது ஒட்டிக்கொண்டதை அவர் ஆதாரமாகக் காட்டினார்.

இதற்குப் போட்டியான விளக்கம் தட்பவெப்பம். கடற்கரையில் ஆண்டு முழுதும் வெப்பம் 27 டிகிரியைச் சுற்றியும் மேலும் நிற்பதால் தெள்ளில் அடைப்பு விழ வாய்ப்புக் குறைவு. உயரமான, குளிர்ந்த உள்நாடான மைசூர்ப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் பிளேக் தாக்கியதும், கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதும் இரு விளக்கங்களோடும் ஒத்துப்போகின்றன. ஏனென்றால் எந்தத் தெள்ளு எங்கே வாழும் என்பதையும் வெப்பம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால், ஒரே தட்பவெப்பமுள்ள இரு ஊர்களில் தெள்ளினம் மட்டும் வேறாக இருந்த இடங்களைத் தேட வேண்டும்.

அதற்கான மூலப்பொருள் சென்னை மாகாணச் சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளில் இருக்கும். அவற்றைப் புரட்டுவோர், எலி எத்தனை பிடிபட்டது என்ற எண்ணிக்கையோடு நின்றுவிட வேண்டாம். எலி ஒன்றுக்கு எத்தனை தெள்ளு, அதில் எந்த இனம் எத்தனை, பிடித்தது கிடங்கிலா குடியிருப்பிலா, எந்த மாதம் என்ற நான்கும் சேர்ந்து கிடைத்தால்தான் அந்த வரிசை பயன்படும். இனம் பிரிக்காமல் வெறுமனே தெள்ளு என்று எழுதியிருந்தால், எவ்வளவு நீண்ட அட்டவணையாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது உதவாது.